நான்காம் வேற்றுமை

லாங்கென்தாலுக்கு வந்து முதல் ஒன்பது வருஷம்
நான் ஒருத்தரையும் புண்படுத்தவில்லை.
வங்காலையில் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.
அங்கே மீன் ஏலத்தில் நான் வாய் திறந்தால்
காகம்கூட ஒரு கூரை தள்ளித்தான் குந்தும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வரும் சாமியிடம்
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்:
"நாவால் பாவமில்லை, சாமி."
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அது அடக்கமில்லை.
ஜெர்மன் தெரியாமை.

பிறகு மாலை வகுப்பு.
டீச்சர் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பா:
யாருக்கு? யாருக்கு?
மாசியில் மொழிச் சோதனை பாஸ்.
தபசுகாலம் பிறக்க
மற்றச் சோதனை தொடங்கிற்று.

நிலவறையில், சலவை மெஷினுக்கு மேலே,
நாலு மூலையும் ஒட்டிய கடதாசி:
"வடிகட்டியில் பஞ்சு. மறுபடியும்.
மூன்றாம் மாடி கவனிக்கவும்."
லூத்தி அம்மாவின் சாய்ந்த எழுத்து.
பஞ்சு சாம்பல் நிறக் கம்பளிப் பஞ்சு.
எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு காலுறைகூட இல்லை.

மூன்று இரவு படுக்கையில் கிடந்து
ஒரே ஒரு வசனம் கட்டினேன்.
உங்களுக்கு ஏன் ஒருத்தரும் வருவதில்லை என்று
இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.
வேற்றுமை இரண்டும் சரி.
வினை, தமிழில் போலவே, கடைசியில் வந்து குத்தும்.

செவ்வாய்க்கிழமை, கூடையோடு எதிரே வந்தா.
வசனம் பல்லுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றது.
கன்னத்தின் உள்சதையைக் கடித்தேன்.
"நன்றி" என்றேன், எதற்கென்று தெரியாமல்.
மூன்று மாடியும் ஒரு வேதசாட்சி மாதிரி ஏறினேன்.

அடுப்படிக்குள் வந்ததும் அவிழ்த்துவிட்டேன்.
வெங்காயம் வெட்ட வெட்ட
ஞானசீலனுக்கு முழுதும் சொன்னேன்,
கட்டின வசனமும், கட்டாத ஏழெட்டும்.
அவர் "ம்" போட்டார். சிரித்தார்.
மேசையின் மறுபக்கம் ஷெறின்
பெருக்கல் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.
தமிழ் அவளுக்கு அரைகுறை என்றுதான்
நாங்கள் எல்லாரிடமும் குறைப்படுவது.

வியாழன். படிக்கட்டு.
சப்பாத்தை வாசலில் விடக்கூடாது என்று
லூத்தி அம்மா பிள்ளையிடம் ஏதோ சொன்னா.
பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.
என் வசனம்.
இந்த ஊர்ப் பேச்சில், இந்த ஊர் ராகத்தில்,
நான் கவனிக்காத ஒரு பிழையும் திருத்தி.

லூத்தி அம்மா ஏசவில்லை.
பையில் இருந்த லீக்ஸ் தண்டை
ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினா.
பிறகு படி இறங்கினா, கைபிடியைப் பிடித்து,
அவ வீடு மேலே இருக்க.

இரவு ஷெறின் கேட்டாள்:
"அது உண்மைதானே அம்மா?"
போர்வையை இழுத்துவிட்டேன்.
உண்மைதான் என்பது எனக்கு உதவவில்லை.

அடுத்த நாள் மணி அடித்தேன்.
நீளமான மன்னிப்பு ஒன்று தயாராக இருந்தது.
சங்கிலி போட்ட கதவின் இடுக்கில்
ஒரு கண்ணும் பாதிக் கண்ணாடியும் தெரிந்தபோது
எல்லா இலக்கணமும் கரைந்து
இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை
பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துப் படித்த
அந்த ஒற்றைச் சொல்தான் வந்தது.
இரண்டு தரம் சொன்னேன்.
"சரி" என்றா.
கதவைச் சாத்தினா. அடித்துச் சாத்தவில்லை.
அவ்வளவுதான்.

கடதாசி இன்னும் ஒட்டியபடி இருக்கிறது.
என் முறை முடிய, வடிகட்டியைக் கழற்றி
யாரோ விட்ட பஞ்சை விரலால் உருட்டி எடுக்கிறேன்.
புண்ணியத்துக்கல்ல.
அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை.

சாமி வரும் ஞாயிறு வருகிறது.
நிலவறைப் பக்கம் இப்போது பரவாயில்லை.
அடுப்படிதான் கஷ்டம்.
ஞானசீலன் கதவைத் திறந்து
"இன்றைக்கு என்ன நடந்தது?" என்கிறார்.
கத்தி வெங்காயத்தில் பாதியில் நிற்கிறது.
மேசையில் பென்சில் ஓசையும் நிற்கிறது.

யாருக்கு, என்று கேட்கிறா டீச்சர்.